படங்கு நூல்

என் அக்காவின் இடக்கை ஆள்காட்டி விரலை என் சொந்த விரலைவிட அதிகமாகப் பார்த்தவன் நான். இன்றைக்கும் கண்ணை மூடினால் அந்த விரலின் அடியில், கட்டைவிரல் பக்கமாகக் குறுக்கே ஓடும் தழும்பு தெரியும். அதன் இருபுறமும் நான் போட்ட நான்கு தையலின் எட்டுப் புள்ளிகளும் தெரியும். தையல் என்னவோ அழகாகத்தான் அமைந்திருந்தது. நான் பிறவிப் பயந்தாங்கொள்ளி. பூட்டிய கதவைப் பத்துத் தரம் இழுத்துப் பார்க்கிற ஆள். அப்படிப்பட்டவன் சரிபார்க்காமல் செய்த ஒரே ஒரு காரியம் அந்தத் தையலுக்கு அடியில் கிடந்தது.

இலங்கை மலைநாட்டில், நோர்வூட்டுக்கு மேலே ஒரு தேயிலைத் தோட்டத்தில், ஐம்பதுகளின் நடுவில் நடந்தது இது. அப்போது எனக்கு இருபது வயது. அம்மாவும் அப்பாவும் ஒரே மழைக்காலத்தில் காய்ச்சலில் போய்ச் சேர்ந்த பிறகு, என்னைவிட ஆறு வயது மூத்த அக்காதான் தொழிலாளர் வரிசையில் இருந்த எங்கள் ஒற்றை அறை லயத்துக் காம்பராவை நடத்தினாள். அவள் கொழுந்து பறித்துத்தான் நான் டவுன் பள்ளிக்கூடத்தில் எட்டாம் வகுப்புவரை படித்தேன். அந்தப் படிப்பைப் பார்த்துத் தோட்டத்து டிஸ்பென்சரியில் என்னை வேலைக்கு எடுத்தார்கள். காலையில் பெரட்டுக் களத்தில் வரிசையாக நின்று, நீ அந்த மலைக்கு, நீ இந்த மலைக்கு என்று பிரித்து அனுப்பப்படாத முதல் லயத்துப் பிள்ளை நான்தான். அக்காவுக்கு அதில் தலைகால் புரியாத பெருமை.

"என் தம்பி ஊசி புடிக்கிறவன். கவ்வாத்துக் கத்தி புடிக்கிறவன் இல்ல" என்று தண்ணீர் பிடிக்கும் பீலிக்கரையில் கேட்டவர்களுக்கும் கேட்காதவர்களுக்கும் சொல்லிக்கொண்டிருந்தாள்.

உண்மையில் நான் அதிகம் பிடித்தது போத்தல்களைத்தான். போத்தல் கழுவுவது, மருந்து ஊற்றிக் கொடுப்பது, காயத்துக்குக் கட்டுப் போடுவது. ஊசியும் நூலும் டாக்டரையாவுடைய சாமான். டாக்டரையா என்று நாங்கள் அழைத்தவர் தோட்டத்து மருத்துவ உதவியாளர். மூன்று தோட்டங்களுக்கு அவர் ஒருவரே. அவர் பக்கத்தில் நின்று பார்க்க, இரண்டு பேருக்கு நான் தையல் போட்டிருந்தேன். "நான் இல்லாதப்ப ஊசியத் தொட்டியா, மறுநாளே பெரட்டுல நிப்ப" என்று முதல் நாளே சொல்லியிருந்தார். சொன்னதைச் செய்கிற மனிதர்.

அவரிடம் இன்னொரு கண்டிப்பும் உண்டு. அது படங்கு நூல் பற்றியது. கொழுந்து பறிக்கும் பெண்கள் செடியின் ஈரமும் குச்சியும் உடம்பில் படாமலிருக்க இடுப்பைச் சுற்றிச் சாக்குப் படங்கு கட்டியிருப்பார்கள். மலையில் யாருக்கு வெட்டுப்பட்டாலும் முதல் வைத்தியம், படங்கின் ஓரத்தைக் கிழித்து இறுக்கிக் கட்டுவதுதான். ஆகவே டிஸ்பென்சரிக்கு வருகிற ஒவ்வொரு காயத்துக்குள்ளும் சாக்கு நார் கிடக்கும். ஒரு நார் உள்ளே தங்கினாலும் சீழ் பிடிக்கும், சீழ் பிடித்தால் விரல் போகும், விரல் போனால் கை போகும் என்று டாக்டரையா என்னைப் பயமுறுத்தி வைத்திருந்தார். இடுக்கியை எடுத்து நார் பொறுக்குவதே என் தலையாய வேலை. பொறுக்கிப் பொறுக்கி, காயத்துக்குள் நூல் போல எதைக் கண்டாலும் அது படங்கு நூல் என்றே என் கண் பழகிவிட்டது.

ஒரு ஞாயிற்றுக்கிழமை. டாக்டரையா ஹட்டனுக்குப் போயிருந்தார். செடிகளைக் கவ்வாத்து வெட்டி முடித்த மலையிலிருந்து சுமந்து வந்த மிலாறுகளை, அதாவது வெட்டிப்போட்ட தேயிலைக் கிளைகளை, விறகுக்காக அக்கா வாசலில் துண்டாக்கிக்கொண்டிருந்தாள். கையில் அப்பாவின் பழைய கவ்வாத்துக் கத்தி. பத்து மணியளவில் அவள் டிஸ்பென்சரி வாசலில் வந்து நின்றாள். இடக்கையில் படங்குத் துண்டு சுற்றியிருந்தது. அதையும் மீறி இரத்தம் முழங்கைவரை ஓடியிருந்தது.

"ஒன்னுமில்லடா, சின்ன வெட்டு. நீ மொகத்த அப்படி வெச்சிக்காத" என்றாள்.

கட்டை அவிழ்த்தேன். இரத்தம் ஊசி முனைபோல விட்டுவிட்டுப் பீச்சியது. டவுனுக்குப் போக லொறி இல்லை. டாக்டரையா வரச் சாயங்காலம் ஆகும். பஞ்சை வைத்து அழுத்திக்கொண்டு நான் நின்ற அரை மணி நேரத்தில் இரண்டு பஞ்சுக் கட்டு தீர்ந்துபோயிற்று. இரத்தம் மட்டுப்பட்டதும், "விரல மடக்கு" என்றேன். மடக்கினாள். நடு மூட்டு மடங்கியது, நுனி மூட்டும் மடங்கியது. டாக்டரையா எப்போதும் பார்ப்பது அதைத்தான். மடங்கினால் உள்ளே ஒன்றும் அறவில்லை என்று அர்த்தம், தைத்துவிடலாம். எனக்கு உயிர் வந்தது.

பிறகு நார் பொறுக்க ஆரம்பித்தேன். ஒன்று வந்தது, இரண்டு வந்தது, நான்கைந்து வந்தன. கடைசியில் காயத்தின் ஓரத்தில், விரல் பக்கத்துச் சதைக்குள்ளிருந்து ஒரு நூல் முனை எட்டிப் பார்த்தது. இடுக்கியால் பிடித்து இழுத்தேன். வரவில்லை. இன்னும் கொஞ்சம் இழுத்தேன். சற்று நீண்டதே தவிர வரவில்லை. அக்காவின் முகத்தைப் பார்த்தேன்; அவள் சுவரில் தொங்கிய நாட்காட்டியைப் பார்த்துக்கொண்டிருந்தாள். நார் ஆழமாகச் சிக்கியிருக்கிறது, கிண்டினால் மறுபடி இரத்தம் வரும் என்று நினைத்து, இழுத்துப் பிடித்தபடியே கத்தரிக்கோலால் எட்டியமட்டும் நறுக்கி எடுத்தேன். ஒரு நெல் நீளம் இருக்கும். வாளியில் போட்டேன்.

நான்கு தையல். மரத்துப்போக வைக்கும் மருந்து அலுமாரியில் பூட்டியிருந்தது, சாவி டாக்டரையாவிடம். அக்கா வாயைத் திறக்கவில்லை. எங்கள் பெண்கள் உத்தியோகத்தர் முன்னால் அழ மாட்டார்கள். அழுதால் மலைக்குப் போகாமலிருக்க நடிக்கிறாள் என்று பெயர் வரும் என்பதால், பிள்ளை பெறும்போதுகூடப் பல்லைக் கடித்துக்கொண்டு கிடப்பவர்கள். ஒவ்வொரு தையலுக்கும் ஒரு தரம் மட்டும் அவள் புருவம் சுருங்கி விரிந்தது.

"ஒரு சொட்டுக் கண்ணீர் விடலயே அக்கா. நீ ஆம்பளைக்கு மேல" என்றேன்.

"நீ தச்சா வலிக்குமாடா?" என்று சிரித்தாள்.

பத்து நாளில் காயம் கூடிவிட்டது. சீழ் இல்லை, வீக்கம் இல்லை. தையலைப் பிரிக்கும்போது டாக்டரையா பார்த்துவிட்டார். யார் தைத்தது என்று கேட்டார். தயங்கித் தயங்கிச் சொன்னேன். முதலில் வாய்க்கு வந்தபடி திட்டினார். பிறகு அக்காவின் விரலை வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தார். மடக்கச் சொன்னார்; மடக்கினாள். அலுமாரியைத் திறந்து ஒரு தடித்த ஆங்கிலப் புத்தகத்தை மேசைமேல் போட்டார்.

"தைக்க வருது. உள்ள என்ன இருக்குன்னு தெரியாமத் தைக்கிற. இதப் படி. படிச்சா டிரஸ்ஸர் வேலைக்கு ஒன் பேரக் கம்பனிக்கு எழுதுறேன்."

அரசாங்க ஆஸ்பத்திரியில் வேலை கேட்கப் பிரஜா உரிமை வேண்டும். தோட்டத் தமிழர்களான எங்களுக்கு அது இல்லை என்று சட்டம் ஆகியிருந்த காலம். எனக்கு இருந்த ஒரே கதவு இந்த டிஸ்பென்சரிதான். அக்கா அன்று கோயிலில் தேங்காய் உடைத்தாள்.

நோயாளிகள் வராத நடுப்பகலில், ஓர் அகராதியைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு படித்தேன். ஒரு பக்கத்துக்கு மூன்று நாள் பிடித்தது. உடம்பு வெளிப்பார்வைக்கு எத்தனை உறுப்புகளாக இருந்தாலும், அது ஆனது நான்கே வகைப் பொருளால் என்று முதல் பாடம் சொன்னது. இன்று பள்ளிப் பிள்ளைகள் அவற்றை இழையங்கள் என்று படிக்கிறார்கள். எனக்கு அந்தச் சொல் தெரியாது. கொப்பியில் நானே பெயர் வைத்துக்கொண்டேன்: மூடுவது, கட்டுவது, இழுப்பது, சேதி சொல்வது.

மூடுவது தோல், வாய்க்கும் குடலுக்கும் உட்பக்கம் இருப்பதும் அதுதான். ஸ்டோரில் தேயிலைப் பெட்டிகளை அடுக்குவதுபோல உயிரணுக்கள் இடைவெளியில்லாமல் நெருங்கி நிற்பதால்தான் வெளியிலிருப்பது உள்ளே போகாது. மேலே உள்ளவை தேயத் தேயக் கீழேயிருந்து புதியவை பிறக்கும். ஆகவே தோல் கிழிந்தால் சீக்கிரம் மூடிக்கொள்ளும். கட்டுவது எலும்பு, கொழுப்பு, தசையை எலும்போடு பிணைக்கும் வெள்ளை வார். அதில் அணுக்கள் குறைவு, நார் அதிகம். நார் ஓடுகிற திசையில் எவ்வளவு இழுத்தாலும் தாங்கும். இரத்தமும் இந்த வகைதான் என்று போட்டிருந்தது. அச்சுப் பிழையாக இருக்குமோ என்று டாக்டரையாவிடம் கேட்டுத் திட்டு வாங்கினேன். இழுப்பது தசை, நீண்டு நீண்டு கிடக்கும் அணுக்கள் ஒன்றாகச் சுருங்குவதால் கை மடங்குகிறது. ஒவ்வொன்றும் எப்படி அமைந்திருக்கிறதோ அப்படியே அதன் வேலையும் இருந்தது. எனக்கு அது பெரிய சந்தோஷமாக இருந்தது. மூன்று வாரம் நான் அந்தச் சந்தோஷத்தில் திரிந்தேன்.

நான்காவது வகைக்கு வந்தேன். சேதி சொல்வது நரம்பு. விரல் நுனியிலிருந்து கிளம்பும் ஓர் இழை, முதுகெலும்புவரை ஒரே அணுவின் ஒரே வால். அவ்வளவு நீளமாக, நடுவில் அறாமல் இருப்பதால்தான் சூடு, குளிர், மிருது, முரடு எல்லாச் சேதியும் போய்ச் சேர்கிறது. அத்தகைய இழைகள் பல சேர்ந்து, ஓர் உறைக்குள் கட்டப்பட்டு, ஒவ்வொரு விரலின் இருபுறமும் இரத்தக் குழாயை ஒட்டினாற்போல ஓடுகின்றன. படம் போட்டிருந்தது. கண்ணுக்கு எப்படித் தெரியும் என்றும் எழுதியிருந்தது: வெண்மையான நூல் போல.

நான் அந்த வரியை அகராதி இல்லாமலே படித்தேன். படங்கு நூல் பழுப்பு நிறம். எத்தனை கழுவினாலும் பழுப்புத்தான். நான் வாளியில் போட்டது எந்த நிறம்? மருந்துத் தண்ணீரில் கழுவியபின் அது வெள்ளையாக இருந்தது. இழுத்தபோது ஏன் வரவில்லை? அவள் ஏன் நாட்காட்டியைப் பார்த்துக்கொண்டிருந்தாள்? ஒவ்வொரு தையலுக்கும் ஊசி இரண்டு தரம் சதையில் ஏறும். முதலில் உள்ளங்கைப் பக்கம், பிறகு விரல் பக்கம். அவள் புருவம் சுருங்கியது உள்ளங்கைப் பக்கம் ஏறியபோது மட்டும்தான். விரல் பக்கம் ஏறியபோது அவள் பொறுத்துக்கொள்ளவில்லை. அங்கே வலிக்கவே இல்லை. அதைத்தான் நான் வீரம் என்று மெச்சியிருந்தேன்.

குற்றமுள்ள நெஞ்சு குறுகுறுக்கும் என்பார்கள். என் நெஞ்சு குறுகுறுக்கவில்லை, அடித்துக்கொண்டது. அரண்டவன் கண்ணுக்கு இருண்டதெல்லாம் பேய் என்று எனக்கே சமாதானம் சொன்னேன். அன்று அவள் மலையிலிருந்து வந்ததும், பேச்சோடு பேச்சாக விரல் எப்படி இருக்கிறது என்று கேட்டேன்.

"நல்லாத்தானே இருக்கு. கொஞ்சம் மரத்தாப்புல இருக்கு. புதுத் தோலுதானே, போகப் போகச் சரியாயிரும்" என்றாள்.

அதை நம்பிவிட நான் எவ்வளவு ஆசைப்பட்டேன் என்பதை இன்று எழுத வெட்கமாக இருக்கிறது. இரண்டு நாள் நம்பவும் செய்தேன். மூன்றாம் நாள் கொழுந்து நிறுக்கும் இடத்தில் கணக்குப்பிள்ளை அவள் கூடையைத் தரையில் விரித்த படங்கின்மேல் கவிழ்த்துவிட்டார் என்று கேள்விப்பட்டேன். தளிரோடு முத்தல் இலையும் கலந்து கிடந்ததாம். கொழுந்து பறிப்பவள் செடியைப் பார்ப்பாளே தவிர ஒவ்வொரு இலையையும் பார்க்க மாட்டாள். கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவே அகப்படும் காம்பு இளசா முற்றலா என்று விரல்தான் சொல்லும். அக்காவின் வலக்கை சொன்னது. இடக்கை ஊமையாகிவிட்டது.

"பன்னெண்டு வருசமாக் கொழுந்தெடுக்கிறேன், புதுசா வந்தவள மாதிரி எல்லாருக்கும் முன்னால கவுத்துட்டாரு" என்று சொன்னாள். அன்று அவளுக்கு அரைப்பேர், அதாவது பாதி நாள் வேலையாகத்தான் எழுதினார்கள். அதைவிடக் கூடை கவிழ்ந்ததுதான் அவளுக்குத் தாங்கவில்லை. எங்கள் தோட்டத்தில் கொழுந்து சரியில்லாத பெண்ணை மெல்ல மெல்லக் களை எடுக்கத் தள்ளிவிடுவார்கள். பிறகு அவள் பேர் செக்ரோல் என்கிற வேலைப் பதிவேட்டில் நிலைக்காது.

அந்த வாரக் கடைசியில் எனக்கிருந்த மிச்ச நம்பிக்கையும் போனது. அக்கா அடுப்படியில் குந்தியிருந்து ரொட்டி சுட்டுக்கொண்டிருந்தாள். நான் எதிரே சம்பலுக்குத் தேங்காய் துருவிக்கொண்டிருந்தேன். பீலிக்கரைச் சண்டை ஒன்றைப் பற்றிச் சொல்லிச் சிரித்துக்கொண்டே, ரொட்டியைப் புரட்டுவதற்காக இடக்கையால் கல்லின் ஓரத்தைப் பிடித்தாள். கட்டைவிரல் கல்லில் படவில்லை. ஆள்காட்டி விரலின் பக்கம் முழுதும் படிந்திருந்தது. அவள் பேசிக்கொண்டே இருந்தாள். தோல் பொசுங்கும் வாசம் எனக்கு முதலில் வந்தது. "அக்கா, கை!" என்று கத்தினேன். அவள் என் கையைப் பார்த்தாள். பிறகுதான் தன் கையைப் பார்த்தாள்.

நான் பாய்ந்து இழுத்துத் தண்ணீரில் வைத்தேன். விரலில் கொப்புளம் எழும்பிக்கொண்டிருந்தது. அவள் அழவில்லை. கொப்புளத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"வலிக்கலடா தம்பி" என்றாள். அவள் குரலில் நான் அதுவரை கேட்டிராத பயம் இருந்தது.

மறுநாள் டாக்டரையா டவுன் ஆஸ்பத்திரிக்குக் கடிதம் கொடுத்தார். நரம்பு கொஞ்சம் பட்டிருக்கும் என்றார். நான் நறுக்கியதை அவரிடம் சொல்லவில்லை. சொல்ல வாய் எடுத்தேன். அவர் என் கொப்பியைப் புரட்டிப் பார்த்து, "பரவாயில்லையே" என்றார். வாயை மூடிக்கொண்டேன். சொன்னால் டிரஸ்ஸர் வேலை போகும், டிஸ்பென்சரி போகும். அதையெல்லாம்விட, பீலிக்கரையில் பெருமையடித்த அக்காவின் முகத்தை எப்படிப் பார்ப்பேன் என்பதே எனக்குப் பெரும் பயமாக இருந்தது.

ஆஸ்பத்திரி டாக்டர் சிங்களவர், நிதானமானவர். அக்காவின் சிங்களம் கடைவீதிக்குப் போதும், ஆஸ்பத்திரிக்குப் போதாது. எனக்குப் பக்கத்துக் கிராமத்துக் கூட்டாளிகளோடு சுற்றிப் பழகிய சிங்களம் நன்றாக வரும். ஆகவே நானே மொழிபெயர்ப்பாளன் ஆனேன். டாக்டர் அவளைக் கண்ணை மூடச் சொல்லிப் பஞ்சால் தொட்டார், குண்டூசியால் குத்தினார். ஒவ்வொரு தரமும் "பட்டுதா?" என்று நான் கேட்டேன். கட்டைவிரல் பக்கத்தில் ஒரு தரமும் அவளுக்குப் படவில்லை. பிறகு தழும்பின்மேல் தன் விரலால் மெல்லத் தட்டினார். அக்கா "ஐயோ, சுரீர்ங்குது" என்று கையை இழுத்தாள்.

டாக்டர் அதைக் கேட்டுச் சந்தோஷப்பட்டார். உள்ளங்கைப் பக்கத்து நரம்பு உயிரோடிருக்கிறது, வளரப் பார்க்கிறது என்றார். "கத்தி வெட்டில் இரண்டு முனையும் கிட்டக் கிட்டத்தான் கிடக்கும். தானாகவே போய்ச் சேர்ந்துகொள்ளும். மாதம் ஓர் அங்குலம் வளர்ந்தால் அதிகம். ஆறு மாதம் கழித்துக் கூட்டிக்கொண்டு வா என்று அவளிடம் சொல்" என்றார். நான் சொன்னேன். சொல்லுக்குச் சொல் சரியாகவே சொன்னேன்.

ஆனால் முனைகள் கிட்டக் கிடக்கவில்லை. நடுவில் ஒரு நெல் நீளம் இல்லை. வழி தெரியாத நரம்பு தழும்புக்குள்ளேயே சுருண்டு முடிச்சாகிவிடும் என்றும், நாள் தள்ளிப்போனால் விரல் பக்கத்து முனை நார்த்துப்போய்ப் பிறகு சேர்த்தாலும் பலன் குறைவு என்றும் அந்தப் புத்தகத்தில் நான் படித்திருந்தேன். டாக்டருக்கு நரம்பு தெரியும். நான் நறுக்கியது தெரியாது. உலகத்தில் அது தெரிந்தவன் நான் ஒருவன்தான்.

இருவரும் பஸ் நிற்கும் இடத்துக்கு வந்தோம். அக்கா கடலை வாங்கி எனக்குப் பாதி கொடுத்தாள். அவள் முகம் தெளிந்திருந்தது.

"ஆறு மாசந்தானே, கண்ண மூடித் தொறக்கிறதுக்குள்ள ஓடிரும். அதுவரைக்கும் வலக்கையாலயே சமாளிச்சிக்கிறேன். நீ ஒன் படிப்பப் பாரு" என்றாள்.

பஸ் வந்தது. அவள் ஏறிவிட்டாள். நான் கீழேயே நின்றேன்.

"ஏறுடா, என்ன முழிக்கிற?"

"எறங்கு அக்கா. திரும்பப் போகணும்" என்றேன்.

ஏன் என்று கேட்டுக்கொண்டே என் பின்னால் வந்தாள். எதையோ விட்டுவிட்டு வந்தேன் என்று நினைத்திருப்பாள். வெளிநோயாளர் பகுதியை மூடிவிட்டார்கள். டாக்டர் சாப்பாட்டுக்குப் போகும் வழியில் நின்று மறித்தேன். சிங்களத்தில் சொன்னேன். நான் யார், என்ன வேலை, எனக்குத் தையல் போட அனுமதி இல்லை, வெள்ளை நூலை என்னவென்று நினைத்தேன், எவ்வளவு நறுக்கினேன், எல்லாவற்றையும் சொன்னேன். அவர் என் முகத்தைப் பார்க்காமல் அக்காவின் விரலைப் பார்த்துக்கொண்டு கேட்டார்.

"இவளிடம் சொன்னாயா?"

"இல்லை."

"முதலில் அவளிடம் சொல். நான் திறக்கப்போவது அவளுடைய கையை. பிறகு நான் நாள் குறிக்கிறேன்."

அந்த நடைபாதையில், ஈதர் வாசத்தில், ஆட்கள் போய்வந்துகொண்டிருக்க, நான் என் அக்காவுக்குத் தமிழில் சொன்னேன். அதுவரை வாயில் சுலபமாக வந்த தமிழ் அப்போது வரவில்லை. "அன்னைக்கு ஒன் வெரலுக்குள்ள இருந்தது படங்கு நூல் இல்ல அக்கா. அது நரம்பு. கத்தி அத அறுத்துடுச்சு. நான் அந்த முனையில ஒரு துண்ட வெட்டி எடுத்துட்டேன்" என்றேன். டாக்டர் நின்று கேட்டுக்கொண்டிருந்தார். தமிழ் புரியாவிட்டாலும் நான் முழுதும் சொல்கிறேனா என்று பார்த்தார் போலிருக்கிறது.

திட்டுவாள் என்று எதிர்பார்த்தேன். அறைந்தாலும் வாங்கிக்கொள்ளத் தயாராக நின்றேன்.

"அந்தத் துண்ட எங்கடா போட்ட?" என்று கேட்டாள்.

"வாளியில" என்றேன்.

அவள் தலையை ஆட்டினாள். முந்தானையால் அந்த விரலைச் சுற்றி மூடிக்கொண்டாள். தையல் போட்டபோதும் கல்லில் சுட்டபோதும் அழாதவள், அங்கே, ஆஸ்பத்திரி உத்தியோகத்தர் எல்லாருக்கும் முன்னால் அழுதாள்.

அடுத்த வாரம் அறுவை நடந்தது. தழும்பைத் திறந்து, முடிச்சாகத் தொடங்கியிருந்த முனையைச் சீவி, விரலைச் சற்று மடக்கி வைத்து, இரண்டு முனையையும் முடியைவிட மெல்லிய பட்டு நூலால் டாக்டர் சேர்த்தார். மூன்று வாரம் விரல் மடங்கியே கட்டுக்குள் இருக்க வேண்டும் என்றார். பலிக்கும் என்று உறுதி சொல்லவில்லை. "பலித்தால் முதலில் நல்ல உணர்வு வராது. வலியும் குளிர் தாங்காமையும்தான் வரும். பயந்துவிடாதே என்று சொல்" என்றார். சொன்னேன். அக்கா என்னைப் பார்க்காமல் கேட்டுக்கொண்டாள்.

டாக்டரையாவிடமும் நானே போய்ச் சொன்னேன். அவர் திட்டவில்லை, புத்தகத்தை எடுத்து அலுமாரியில் வைத்துப் பூட்டினார். மறுநாள் நான் பெரட்டில் நின்றேன். கவ்வாத்து வேலைக்குப் பிரித்தார்கள். வீட்டிலிருந்த ஒரே கத்தி அப்பாவுடையது. அதைத்தான் தீட்டி எடுத்துக்கொண்டு போனேன். கை முழுக்கக் கொப்புளமாகி அது காய்த்துப்போகும்வரை ஒவ்வொரு செடியும் என்னைத் தண்டித்தது. கவ்வாத்துச் செய்யும்போது ஒன்று கவனித்தேன். வேர் உள்ள பக்கம் மூன்று மாதத்தில் தளிர்த்துவிடுகிறது; கீழே விழுந்த மிலாறு விறகாகிறது. அக்காவின் விரலில் சேர்த்து வைத்தது எது, தளிரா விறகா என்று நினைத்து நினைத்து மாய்ந்தேன்.

அக்கா முன்போல என்னோடு பேசவில்லை. சோறு போட்டாள், துணி துவைத்தாள். பீலிக்கரையில் என்னைப் பற்றிய பேச்சு நின்றுவிட்டது. அவளைக் களை எடுக்கத் தள்ளியிருந்தார்கள். ஞாயிற்றுக்கிழமைகளில் மட்டும் வாசலில் உட்கார்ந்து இடக்கையை என் பக்கம் நீட்டுவாள். டாக்டர் செய்ததைப்போல நான் தழும்பிலிருந்து நுனிப்பக்கமாகத் தட்டிக்கொண்டே போவேன். எந்த இடம்வரை சுரீரென்கிறதோ அங்கே கொப்பிப் பென்சிலால் ஒரு புள்ளி வைப்பேன். முதல் ஆறு ஞாயிறும் புள்ளி தழும்பைவிட்டு நகரவில்லை. நான் சாப்பிடாமல் எழுந்துபோன ஞாயிறுகள் அவை. ஏழாவது ஞாயிறு ஓர் அரிசி அளவு நகர்ந்தது. நான் தவறாகத் தட்டினேனோ என்று பத்துத் தரம் தட்டிப் பார்த்தேன். "போதும்டா, வெரலு கழண்டிரும்" என்றாள். பல வாரங்களுக்குப் பிறகு அவள் என்னிடம் பேசிய விளையாட்டுப் பேச்சு அது.

பிறகு புள்ளி மெல்ல மெல்ல ஏறியது. நடு மூட்டைத் தொட இரண்டு மாதம் பிடித்தது. அங்கே ஒரு மாதம் அசையாமல் நின்றது; அந்த மாதம் நான் பட்ட பாட்டைச் சொல்லி முடியாது. அதற்குள் பனிக்காலம் வந்துவிட்டது. மழையும் பனியும் மாறிமாறி அடித்ததில் மூன்று ஞாயிறு தட்டிப் பார்க்க முடியவில்லை. எனக்கும் காய்ச்சல். பார்க்காமலிருந்ததில் உள்ளூர ஒரு நிம்மதியும் இருந்தது.

காய்ச்சல் விட்டு முதல் நாள் பெரட்டுக்குப் போனேன். புல்லெல்லாம் வெண்பனி. ஆண்கள் ஒரு பக்கம், பெண்கள் எதிர்ப்பக்கம். கம்பளியைத் தலையோடு போர்த்திக்கொண்டு எல்லாரும் கைகளை அக்குளில் செருகி நின்றார்கள். கணக்குப்பிள்ளை பேர் கூப்பிட ஆரம்பித்திருந்தார். பெண்கள் வரிசையில் அக்கா மட்டும் இடக்கையை உதறுவதும் வாயருகே வைத்து ஊதுவதுமாக இருந்தாள். திடீரென்று, பேர் கூப்பிடும் சத்தத்தையும் மீறி, களம் முழுக்கக் கேட்கும்படி கத்தினாள்.

"டேய் தம்பி! ஒன் படங்கு நூலு வலிக்குதுடா! உசிரு போகுது!"

எல்லாரும் திரும்பிப் பார்த்தார்கள். கணக்குப்பிள்ளை பேர் கூப்பிடுவதை நிறுத்திவிட்டார். வரிசையை விட்டு வெளியே வரக்கூடாது என்பதும் எனக்கு மறந்துபோனது. களத்தின் நடுவரை ஓடினேன்.

"எந்த எடத்துல அக்கா?" என்று கேட்டேன்.

"நுனியில" என்றாள்.